இரண்டு இழை சிவப்பு, இரண்டு இழை பச்சை

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. திருத்தணி மலையின் மேற்படிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தூறல்.

அடிவாரத் தெருவில் ஒரு வீட்டுக்குள், மனோரமாவின் குழித்தறியைச் சுற்றித் தேர்வுக்குழுவினர் மூவர் நின்றிருந்தார்கள். சென்னையில் உள்ள ஒரு கைவினை அறக்கட்டளையிலிருந்து வந்தவர்கள். தறி இல்லாத நெசவாளருக்குத் தறி வழங்குவது அந்த அறக்கட்டளையின் பணி.

மனோரமாவிடம் தறி இருந்தது. சரியாகச் சொன்னால், பாதித் தறி இருந்தது.

மாமனார் இறந்ததும் மகன்கள் இருவரும் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அண்டா குண்டாவைப் பிரித்துக்கொண்டார்கள். தறியைப் பிரிக்க முடியவில்லை. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் பொழுதைப் பிரித்தார்கள். விடிந்ததிலிருந்து மலைக்கோயிலின் உச்சிக்கால மணி வரை மூத்த மருமகள் மனோரமாவுக்கு. மணி அடித்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை இளைய மருமகள் பானுப்ரியாவுக்கு.

அன்று முதல் ஆறு ஆண்டுகளாக ஓர்ப்படியர் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இடையில் ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. அது உரிய இடத்தில் வரும்.

தறியில் இழையை நெருக்குவதில் மனோரமாவின் அடி இறுக்கம். பானுப்ரியாவின் அடி தளர்வு. ஒரே துணி இரண்டு முழம் கெட்டியாகவும் அடுத்த இரண்டு முழம் நெகிழ்ந்தும் தறியிலிருந்து இறங்கியது. எந்தப் பிழை யாருடையது என்று பின்னால் வழக்கு வரக் கூடாதல்லவா? தன் முறை முடிந்ததும் மனோரமா இரண்டு இழை சிவப்பு ஓட்டுவாள். தன் முறை முடிந்ததும் பானுப்ரியா இரண்டு இழை பச்சை ஓட்டுவாள்.

கோடு விழுந்த துணியை நெசவாளர் சங்கம் ஒதுக்கிவிட்டது. பொங்கலுக்குள் ஆளுக்கொரு தறி இல்லையென்றால், இருவருக்குமே நூல் இல்லை என்றும் சொல்லிவிட்டது.

இவ்வளவும் அறக்கட்டளைக்கு அனுப்பிய மனுவில் இருந்தது. குழுத் தலைவர் கதிரவன் மனுவைப் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. துணியை முதலில் பார்த்துவிட்டார், அவ்வளவே.

அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இந்தச் சிவப்பு, இந்தப் பச்சை... இதற்கான அகத்தூண்டுதல் எங்கிருந்து வந்தது அம்மா?"

"இவ செய்ற தப்புக்கு நான் பேச்சு வாங்கணுமாங்க? அதுக்குத்தாங்க கோடு," என்றாள் மனோரமா.

கதிரவன் குறிப்பேட்டில் 'தன்னடையாளம்' என்று எழுதினார்.

தன் முறைக்காக அருகில் காத்து நின்ற பானுப்ரியா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா நெஞ்ச துணி பலக மாதிரி கீது சார். அத்தக் கட்டிகினு குனிய முடியாது."

மனோரமா வந்தவர்கள் மூலையில் சாத்தியிருந்த குடையைப் பார்த்துச் சொன்னாள்: "ஆங், கொசுவல நெய்யறவங்க துணியப் பத்திப் பேசறாங்க."

'உரையாடல்' என்று எழுதி, கதிரவன் அதன் கீழே இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அப்போது மலைமேல் உச்சிக்கால மணி அடித்தது.

மனோரமா கையிலிருந்த, ஊடிழை ஓட்டும் நாடாவை வைத்தாள். சிவப்பு நூலை எடுத்து இரண்டு இழை ஓட்டினாள். எழுந்தாள். பானுப்ரியா குழியில் இறங்கினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் முந்தானை மற்றவர்மேல் படவில்லை. ஆறு ஆண்டுப் பழக்கம்.

குழுவில் இருந்த அம்மையார் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் கைநழுவிப் போவது மனோரமாவுக்குப் புரிந்தது. "எனக்குத் தனியா ஒரு தறி வோணுங்க. வேற ஒண்ணும் வேணாம்," என்றாள்.

"எனக்கும் அதான் சார்," என்றாள் பானுப்ரியா, குழிக்குள்ளிருந்து.

"பார்த்தீர்களா!" என்றார் கதிரவன் மற்ற இருவரிடம். "கேட்பதுகூட ஒன்றையே கேட்கிறார்கள்."

மூவரும் வாசற்கூரையின் கீழ் ஒதுங்கி இருபது நிமிடம் விவாதித்தார்கள். 'இசைவு' என்பதா, 'சங்கமம்' என்பதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. தூறல் விடும் முன் அதுவும் தீர்ந்தது.

திரும்பி வந்த கதிரவன், முடிவை நின்றபடியே வாசித்தார்:

'இவ்விருவரின் கூட்டுப் படைப்பு, ஒரே தறியில் உருவாகும் காரணத்தாலேயே அரியதாகிறது. இன்னொரு தறி வழங்கினால் அது அழிந்துபோகும். ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. இதே தறியில், இதே முறையில், ஐந்தாண்டுகள் நெய்துவரும் பொருட்டு இருவருக்கும் இணைக்கரங்கள் விருது வழங்கப்படுகிறது. மனுவில் படைப்பூக்கம் எதுவும் காணப்படாமையால் அது இத்துடன் திருப்பித் தரப்படுகிறது.'

அம்மையார் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். விசைத்தறியில் நெய்தது. மனோரமா தொட்டவுடன் கண்டுகொண்டாள். பானுப்ரியாவும் கண்டுகொண்டாள் என்பது அவள் உதட்டில் தெரிந்தது.

கதிரவன் கையெழுத்திட்டார், தேதியிட்டார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தாளை நீட்டினார்.

இரண்டு கைகள் ஒன்றாக நீண்டு அதை வாங்கின.

அதன் பின்னால் மனு குத்தப்பட்டிருந்தது. முதல் வரி மனோரமாவின் நெருக்கமான கையெழுத்து. இரண்டாம் வரி பானுப்ரியாவின் அகன்ற கையெழுத்து. மூன்றாம் வரி மறுபடியும் மனோரமா. ஒருத்தி விட்டதை மற்றவள் எடுத்துக்கொடுத்து, நான்கு பக்கம். எங்கும் கோடு இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள், தறிக்குழியின் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. அன்று உச்சிக்கால மணி அடித்ததை இருவருமே கேட்கவில்லை.