கிணறு இருந்த இடம்

இராணுவ முகாமுக்கென்று தங்கள் காணியை எடுத்த அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் அரசியலமைப்புக்கு முரணானது, செல்லாது என்று சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பு இராசமலரின் கையில் காற்றுக்குப் படபடக்கிறது. உச்சிவெயிலில் அவள் முன்னால் வெறும் செம்மண் கிடக்கிறது. வீடு, கிணறு, கிளுவை வேலி எல்லாவற்றையும் புல்டோசர் எப்போதோ ஒரே மட்டமாக்கிவிட்டது. காணி அளக்க வந்த சேவையர் அளவு நாடாவை இழுத்தபடி, "அக்கா, எதிலையிருந்து அளக்கிறது?" என்று கேட்கிறார். "கிணத்தடியிலையிருந்து பாருங்கோ, தம்பி," என்கிறாள். "கிணறு எங்கை?" அவள் நாலாபுறமும் பார்க்கிறாள், கை எந்தப் பக்கமும் நீளவில்லை. முட்கம்பியருகே காவல் நிற்கும் தலை நரைத்த சிங்களச் சிப்பாய் துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்று சப்பாத்தால் மண்ணைத் தட்டுகிறான். "இங்க," என்கிறான், தனக்குத் தெரிந்த தமிழில். "நாங்கதான் மூடினது. நல்ல தண்ணி."