தீய்ந்த வாழைக்காய்

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. தோற்றால் பட்டம் கையைவிட்டுப் போய்விடும். பதினேழாவது நகர்த்தல் என்னவென்று வேணிக்கு மறந்துவிட்டது. அவளும் கணவன் தயாளனும் சமையலறையில் கணினியை வைத்துக்கொண்டுதான் தொடக்க ஆட்டங்களைத் தயாரிப்பார்கள். நல்ல நகர்த்தல் ஒன்று சிக்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது தீய்ந்திருக்கும். தீய்ந்ததன் பெயரிலேயே அந்த நகர்த்தலைக் கணினியில் சேமித்துவைப்பார்கள். வேணி கண்களை மூடி மூச்சை இழுத்தாள். வாழைக்காய் வறுவல் கருகும் வாசம் வந்தது. கரண்டியும் கையுமாகத் தயாளன் அன்று கத்தியது கேட்டது: "குதிரையக் கெளம்பின எடத்துக்கே கொண்டு போ!" கொண்டுபோய் வைத்தாள். எதிரே இருந்தவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் யோசித்தார்.

மாலையில், கழுத்தில் பதக்கத்தோடு வேணி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"எது வந்துச்சு?" என்றான் தயாளன்.

"தீஞ்ச வாழைக்காய்."

"அட! அன்னைக்கு அதையும் தின்னு தீத்தோமே."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த போட்டிக்கு எதைத் தயார் பண்ணலாம் என்று அவன் கேட்டான்.

"இப்ப அடுப்புல என்ன வெச்சிருக்க?" என்றாள் வேணி.