யாரும் கேட்காத பெயர்

“இந்தப் பெயரை இன்னும் ஏன் எடுக்கலை?”

மேலாளர் நீட்டிய பட்டியலில் ‘சிட்டு’ என்ற பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது.

“எடுத்துடலாம் சார்,” என்றார் பதிவாளரம்மா.

“மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க.”

பதிவாளரம்மா என்பது கேன்டீன் வைத்த பெயர். அலுவலகத்தில் யார் எந்த சர்வரைத் தேடினாலும், பெயரைக் கேட்டு முகவரி சொல்கிற டி.என்.எஸ். சர்வர் அவர் பொறுப்பு. சர்வர்களுக்கெல்லாம் பறவைப் பெயர்கள். பருந்து சம்பளம் போடும், மயில் கடிதம் அனுப்பும். சிட்டு என்ன செய்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

“யாரும் புழங்காத கதவு வழியாத்தான் திருடன் வருவான்னு ஆடிட்ல எழுதியிருக்காங்க. யாராவது அதைப் பயன்படுத்துறாங்களா?”

“தெரியலை சார்.”

“தெரியலைன்னா உங்களுக்கு எதுக்கு இந்த நாற்காலி?”

மேலாளர் அடுத்த மேசைக்குத் திரும்பினார். அங்கே டிக் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தோண்டிக்கொண்டு வரும் கட்டளைக்கு டிக் என்று பெயர். மனிதர் எதற்கெடுத்தாலும் அதைத்தான் தட்டுவார், அதனால் அவருக்கும் அதே பெயர். மனைவி போனை எடுக்காவிட்டால் வீட்டுக்கும் டிக் போட்டுப் பார்ப்பார் என்று கேலி செய்வார்கள்.

“நீங்க பாருங்க. சாயங்காலம் வரைக்கும் யாரும் கேக்கலைன்னா எடுத்துடுங்க. இவங்க பாஸ்வேர்டையும் முடக்கிடுங்க. மெமோ காலையில வரும்.”

அவர் போனதும் டிக் அலுத்துக்கொண்டார். “ஏம்மா இந்தப் பிடிவாதம்? அவரைப் பத்தித் தெரியாதா? சம்சாரம் தவறிப்போன நாலாம் நாளே வந்து, யார் யார் லேட்டுன்னு கணக்கெடுத்த மனுஷன். கல்லுல நார் உரிக்க முடியுமா?”

“காலை வரைக்கும் விட்டு வைங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

டிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக இரண்டாவது நாற்காலி. உழைக்கிறவனுக்கு அது, சும்மா இருக்கிறவர்களுக்கு முதல் நாற்காலி. நல்ல நியாயம்தான்.

ஆர்.என்.டி.சி. என்ற கட்டளையைத் தட்டிக் கேள்விப் பதிவை ஓடவிட்டார். எந்த மெஷின் எந்தப் பெயரைக் கேட்கிறது என்று திரையில் வரிவரியாக ஓடியது. பருந்தைக் கேட்டார்கள், மயிலைக் கேட்டார்கள். ஐந்து மணி வரை சிட்டை ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்கு அந்தப் பெயரை அழித்தார். சர்வரை ரீலோட் செய்தார். டிக் போட்டுப் பார்த்தார். அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தது. பதிவாளரம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை, அவர் வருவதற்கு முன்பே மெமோ மேசையில் இருந்தது. பொறுப்பிலிருந்து ஏன் விடுவிக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. அவர் பதில் எழுதுவதை டிக் எட்டிப் பார்த்தார்.

‘என் கவனக்குறைவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.’

அதைப் படித்ததில் டிக்குக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

ஒன்பது பத்து. கேள்விப் பதிவை நிறுத்த மறந்திருந்தார். திரையில் ஒரு வரி வந்தது. சிட்டு. உடனே இன்னொன்று. சிட்டு. ஏழு வரிகள், ஏழும் ஒரே மெஷினிலிருந்து. அதன் எண்ணைக் கொடுத்து டிக்கைத் திருப்பிப் போட்டார். மேலாளர் அறை என்று வந்தது.

போன் அடித்தது.

“என் மெஷின்ல ஒண்ணு திறக்கலை,” என்றார் மேலாளர். வழக்கமான அதட்டல் இல்லை.

“எது சார்?”

“பழசுதான். திரையில ஒரு படம் இருக்கும், தட்டினா வரும், எங்கேருந்துன்னு தெரியாது. புதுசா சேர்றவங்களுக்கு எடுத்த பாடம். லீவ் லெட்டர் எழுதுறது எப்படின்னு.”

லீவே போடாத மனிதர். டிக் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு வருஷமா தெரியும். தினமும் காலையில வந்ததும் ஒரு தடவை கேப்பார்.”

“அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, நாம பாக்கிறோம்னு வெக்கப்பட்டு நிறுத்திடுவார். சிட்டைத் திரும்பப் போடுங்க. அவர் மெஷின் அந்த ‘இல்லை’யைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும். ஒரு தடவை அணைச்சுப் போடச் சொல்லுங்க. கேபிள் லூசுன்னு சொல்லிடுங்க.”

டிக் அப்படியே செய்தார். “கேபிள் லூசு சார். ஒரு தடவை அணைச்சுப் போடுங்க.”

“சரி,” என்றார் மேலாளர். போனை வைக்க மறந்துவிட்டார்.

இரண்டு நிமிஷம் கழித்து ரிசீவரில் ஒரு பெண் குரல் கேட்டது. சிரித்த குரல்.

“லீவ் கேக்க யாரும் பயப்படாதீங்க. வீட்லயும் உங்களுக்காக ஆள் காத்துக்கிட்டிருக்கும், இல்லையா?”

“யாரும்மா இது?” என்றார் டிக்.

பதிவாளரம்மா மெமோவின் பதிலை மடித்து உறைக்குள் வைத்தார்.

“நீங்க சேர்றதுக்கு முன்னாடி பயிற்சிப் பிரிவுல இருந்தாங்க. அவர் சம்சாரம். போனை வச்சிடுங்க, அவங்க பேசிக்கட்டும்.”