அடுப்பில் ஏறிய கெட்டில்

"கரண்ட் கெட்டிலைக் கொண்டுபோய் கேஸ் அடுப்புல வச்சிருக்கியே, உன் புத்தி எங்க மேயப் போச்சு?"

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் மேவிஸ். கெட்டிலின் அடி உருகி, சமையலறை முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

"மன்னிச்சுக்கோம்மா, ஏதோ ஞாபகம்," என்றார் அவள் கணவர் கிளிஃபர்ட்.

"என்ன பொல்லாத ஞாபகம்? நேத்து டீப்பாட்டை ஃப்ரிட்ஜுல வச்ச. தூங்குமூஞ்சி! பகல் கனவுக்காரா! பஞ்சு அடைச்ச மண்டை!"

கவனமில்லாதவனைத் திட்ட இங்கிலீஷில் எத்தனை வார்த்தை உண்டோ, அத்தனையும் அவளுக்கு அத்துப்படி.

பக்கத்து வீட்டு ஐரீன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "மனுஷனைக் கட்டிப் போடு மேவிஸ், ஒருநாள் வீட்டையே கொளுத்திடுவாரு!"

கிளிஃபர்டும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு மாடிப்படிக்குக் கீழிருந்த அலமாரியைத் திறந்து, உருகியதைப் போலவே சிவப்பான இன்னொரு கெட்டிலை எடுத்தார். வரிசையாக வாங்கி அடுக்கியிருந்தார்.

கெட்டில் உருகியபோது அவர் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கெட்டிலை ஏற்றியது அவள். டீப்பாட்டை ஃப்ரிட்ஜில் வைத்ததும் அவள்தான். அவளுக்கு அது தெரிந்துவிடக் கூடாது. திட்டுகிறாளே, அதுவரைக்கும் அவள் என் மேவிஸ்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரமும் அதே நாற்றம். கிளிஃபர்ட் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, தலை குனிந்து நின்றார். "மன்னிச்சுக்கோம்மா, ஏதோ ஞாபகம்."

மேவிஸ் திட்டவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சிரித்தாள்.

"பரவாயில்லை சார், விடுங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், கவனமே கிடையாது. உக்காருங்க, இப்ப வந்துடுவாரு."