சேர்த்துப் பிடித்த இழை

"இந்த ஆர்.என்.ஏ. துண்டு ரெண்டும் தானா ஒட்டாதா?" என்று செழியன் ஒருமுறை மனைவியின் ஆய்வகத்தில் கேட்டான்.

"ஒட்டாது. இன்னொரு இழை ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிச்சுக்கணும். ஒட்டினதும் அந்த இழையைக் கரைச்சிடுவோம்" என்றாள் மதிவதனி.

"உன்னையும் அம்மாவையும் பிடிச்சுக்கிட்டிருக்கிற என் கதியும் அதுதானா?" என்று சிரித்தான்.

அவன் இறந்து ஓராண்டாகிறது. இன்று ஆய்வகத்தில் அப்படியொரு இழையைக் கரைத்த பிறகும், ஒட்டிய ஆர்.என்.ஏ. பிரியாமல் சோதனைப் படத்தில் ஒரே கோடாகத் தெரிந்ததை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியபோது வாசலில் மாமியார் பையோடு நின்றார். "மக வீட்டோட போயிடறேம்மா. இனி இங்க நான் எதுக்கு? தோசைமாவு ஃபிரிட்ஜுல இருக்கு."

மதிவதனி பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போகாதீங்க அத்தை. எங்கூடவே இருங்க."