தண்ணீர்க் குழியில் எழுபத்தொன்று

இரும்புலியூரில் ஒரு தடுப்பூசி ஆய்வகத்தில் யூனிஸுக்கு வேலை. தடுப்பூசிக்கான மரபணுப் பொருள் கொழுப்பு நுண்துகள்களுக்குள் எத்தனை சதவீதம் அடைபட்டிருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். தொண்ணூறு இருந்தால்தான் ஒரு பேட்ச் மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கப் போகும். செவ்வாய்க்கிழமை எழுபத்தொன்றுதான் வந்தது. மேலாளர் மதியழகன் ரிசல்ட் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார். அவள் தொண்ணூற்றிரண்டு என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள், சோதனைத் தட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் விட்ட சிறு குழிக்குக் கருவி எழுபத்தொன்று காட்டியது. தண்ணீருக்குப் பூஜ்யம்தான் வர வேண்டும். தண்ணீரை மாற்றினாள், தட்டை மாற்றினாள். எழுபத்தொன்றுதான். பக்கத்து மேசை புஷ்பலதா வந்து அதே தண்ணீரை விட்டதும் பூஜ்யம் வந்தது.

"மெஷின் நல்லாத்தான இருக்கு. உனக்கு என்னாச்சு?"

யூனிஸுக்கு முகம் எரிந்தது. "ஒண்ணுமில்லக்கா" என்றாள். அதன்பிறகு புஷ்பலதாவின் முகத்தைப் பார்க்கக் கூசி, மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். தண்ணீர் தினமும் எழுபத்தொன்று காட்டியது.

சனிக்கிழமை மதியழகன் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், செவ்வாய்க்கிழமை ரிசல்ட்ட நான் மாத்தி எழுதிட்டேன்."

தண்ணீரைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"தண்ணியில எவ்வளவு காட்டுது?"

"எழுபத்தொண்ணு, சார்."

"எனக்கு அறுபத்தி நாலு" என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி. "ஆறு வருஷமா. அதான் நான் லேப் பக்கமே வர்றதில்லம்மா."