சிரிப்பு அடங்கட்டும்

பதினாறு வயது வெண்ணிலாவின் வீட்டு வாழ்க்கை மூன்று வருடமாக நகைச்சுவைத் தொடராக நேரலையில் ஓடுகிறது. யார் எதைச் சொன்னாலும் நேயர்களின் சிரிப்பு கூரையிலிருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். அது அடங்கிய பிறகுதான் அடுத்தவர் பேசுவார்.

அன்று பள்ளி விட்டதும் தோழி ஷர்மிளாவின் வீட்டுக்குப் போனாள். அங்கே கேமரா கிடையாது.

"பிரணவ் என்னை வேணாம்னு சொல்லிட்டான்டி," என்றவள், அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"அப்புறம்? ஏன் நிறுத்திட்ட?"

"சிரிச்சு முடிக்கட்டும்னு..."

"இங்க யாருடி சிரிக்கப் போறாங்க?"

வெண்ணிலா கூரையிலிருந்து பார்வையை இறக்கினாள்.

"காலையில அம்மாகிட்டயும் சொன்னேன். சிரிப்பு அடங்கட்டும்னு என் கையப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. அடங்கவே இல்லடி. ஸ்கூல் பஸ் வந்துடுச்சு."